வெட்டுத்துண்டு மூட்டையிலிருந்து போர்வைக்கு: வடிவம் எங்கே கிடைக்கிறது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா கட்டுநாயக்கவில் கார்மென்ட் ஒன்றில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வரும்போது ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகளைக் கொண்டுவருவார். அப்படிச் சேர்ந்தவை இப்போது இரண்டு உரச்சாக்கை நிறைத்துவிட்டன. கால்மிதியும் தலையணை உறையும் தைத்துப் பழகியவர், இனிக் குவில்ட் என்று சொல்லப்படும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்க விரும்புகிறார். "துண்டுகளை இணைத்து முடித்தால் கந்தலாகத்தான் தெரிகிறது. கைப்பேசியில் பார்க்கும் நவீன வடிவங்களைப் பின்பற்றினால் அது என்னுடையதாக இல்லை. யோசனையை எங்கே தேடுவது?" என்பது அவருடைய கேள்வி.

பண்டாரவளையில் தையல் வகுப்பு நடத்தும் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் என்னிடம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கே சொல்கிறேன். வடிவத்தைத் தேடி வெளியே போவதற்கு முன் கையிலுள்ள துணியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எது அடர்ந்த நிறம், எது வெளிர்ந்த நிறம், எந்தத் துணி எந்த இடத்தில் வெளுத்திருக்கிறது என்பதைக் கண் படிக்கத் தொடங்கிவிட்டால், வடிவத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் அந்தக் 'கந்தல்' என்ற சொல்லைப் பற்றி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் கிழிந்த சேலையை ஒட்டுப்போட்டது தேவைக்காகவே என்பதால், ஒட்டு என்றாலே இல்லாமையின் அடையாளம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. அதனால் நன்றாக வந்த வேலையைக்கூடச் சிலர் கந்தல் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவற்றை விட்டுவிடுவோம். உண்மையிலேயே கண்ணுக்குக் குழப்பமாக இருக்கும் போர்வையை எடுத்துக்கொண்டால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: அடர் நிறமும் வெளிர் நிறமும் இடம் தெரியாமல் கலந்து கிடக்கின்றன. சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எடுப்பாக இருக்கும் என்று நம்பித் தைக்கிறோம். இரண்டும் ஒரே அளவு அடர்ந்தவையாக இருந்தால், நான்கு அடி தள்ளி நின்று பார்க்கும்போது ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மங்கலாகிவிடும்.

ஆகவே மூட்டையைப் பிரிக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். மேகம் மூடிய பகல்வேளையில் வாசலில் ஒரு பாயை விரித்து, துண்டுகளை வெளிர், நடு, அடர் என்று மூன்று குவியல்களாக்குங்கள். மின்விளக்கு மஞ்சளாக இருந்தால் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால் இரவில் இதைச் செய்ய வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் பின்வாங்கி அடர்வு மட்டும் மிஞ்சும். அதிலும் சந்தேகமிருந்தால் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நடுக் குவியல்தான் எப்போதும் பெரிதாக வரும். போர்வைக்கு உயிர் கொடுப்பவை மற்ற இரண்டும். ஆகவே மேலும் துணி சேர்ப்பதானால் நல்ல வெளிரும் நல்ல அடரும் பார்த்துச் சேருங்கள். இதே அமர்வில் பனியன் துணியைத் தனியாக ஒதுக்கிவிடுவதும் நல்லது. இழுத்தால் நீளும் துணியையும் நீளாத துணியையும் நேரடியாக இணைத்தால் தையல் அலையடிக்கும். பனியன் துண்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அதன் அடியில் பழைய பருத்திச் சேலைத் துணி ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அடர்வு வேறுபாட்டை மட்டுமே நம்பி நிற்கும் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு, என்பார்கள். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகள். ஒரு மூலையைச் சேர்ந்த இரண்டு பக்கங்களுக்கு வெளிர்ப் பட்டைகள், எதிர்மூலையின் இரண்டு பக்கங்களுக்கு அடர்ப் பட்டைகள். நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம். வீட்டின் நடுவிலுள்ள அடுப்பு நெருப்பு அது என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் அடுப்பங்கரையைச் சுற்றியே வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு கட்டமும் குறுக்குவாட்டில் பாதி வெளிராகவும் பாதி அடராகவும் இருப்பதால், கட்டங்களை எப்படித் திருப்பி அடுக்குகிறோமோ அதற்கேற்ப முழுப் போர்வையின் வடிவமும் மாறும்: ஒரு விதமாக அடுக்கினால் உழவுசால் போன்ற சாய்ந்த கோடுகள், வேறு விதமாக அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றான பெரிய வைரங்கள். பத்து அங்குலக் கட்டம் என்றால் சுற்றிலும் கால் அங்குலத் தையல்விளிம்பு சேர்த்துப் பத்தரை அங்குலமாக வர வேண்டும். 60க்கு 80 அங்குலப் போர்வைக்கு அத்தகைய கட்டங்கள் 48 தேவைப்படும். நான்கு கட்டங்களை முடித்ததும் தரையில் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். யோசனை வருவதற்காகக் காத்திருப்பதைவிட இது வேகமான வழி.

இப்போது இந்த விடயத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். அம்மா கொழுந்து பறித்த காலத்தில் உடுத்திய சேலை ஒன்றை, அவர் ஓய்வு பெற்ற பிறகு போர்வைக்காக வெட்ட எடுத்தேன். கத்தரிப்பூ நிறத்துப் பருத்திச் சேலை. முழுவதையும் விரித்தபோதுதான் கவனித்தேன்: தோளிலும் முதுகிலும் வெயிலும் மழையும் பட்டுச் சாம்பலுக்கு நெருக்கமாக வெளுத்திருந்தது. இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருந்த பகுதி மட்டும் வாங்கிய நாள் போலவே இருந்தது. இரண்டுக்கும் இடையிலான எல்லை கோடு போட்டாற்போல் இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு மெல்ல மெல்ல மாறிச் சென்றது. ஒரே சேலைக்குள் வெளிர், நடு, அடர் என்ற மூன்று குவியலும் இருந்தன, அவை ஒரே நிறத்தில் இருந்ததால் ஒன்றோடொன்று பொருந்தவும் செய்தன. கூடைக்கயிறு அழுத்திய தலைத்துணியிலும் அப்படித்தான், நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் நூல் தேய்ந்து மினுங்கியது. நான் அன்று எந்த வடிவத்தையும் வரையவில்லை. வெளுத்த பகுதியிலிருந்து அடர்ந்த பகுதிவரை சேலையைப் பட்டை பட்டையாக வெட்டி, அதே வரிசையில் நடுச்சதுரத்தைச் சுற்றித் தைத்தேன். பார்த்தவர்கள் இந்த நிற அடுக்கை எப்படி யோசித்தாய் என்று கேட்டார்கள். பல ஆண்டுகள் மலை ஏறி இறங்கிய உடல் அந்தச் சேலையில் எழுதி வைத்திருந்ததை நான் வெட்டித் தைத்தேன், அவ்வளவுதான்.

உலகத்தில் மிகவும் மதிக்கப்படும் ஒட்டுப்போர்வைகள் சில இதே முறையில் பிறந்தவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவு ஒன்றுக்குள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வேலைக்கு உடுத்திக் கிழிந்த உடைகளிலிருந்து தங்கள் வீட்டுக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் தம் கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலையுடைகளையே பிரித்துப் போர்வையாக்கினார். அந்த ஊர்ப் போர்வைகளில் முழங்கால் வெளுத்த நீலமும், சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெளுக்காமல் எஞ்சிய அடர்நீலச் சதுரமும் அப்படியே இருக்கும். அவற்றை மறைக்க யாரும் முயலவில்லை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை தொங்கவிடப்பட்டபோது, நவீன ஓவியத்துக்கு நிகரானவை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். தோட்டத்து மக்களாகிய நாம் அந்தப் போர்வைகளைப் பார்க்கும்போது நமக்கு அவை அந்நியமாகத் தெரியாது. அவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள். வடிவத்தை எடுத்துக்கொள்வதற்காக அல்லாமல், பையின் தடத்தைக்கூட வீணாக்காத அந்தக் கண்ணைப் பழகிக்கொள்வதற்காக.

'நவீன குவில்ட்' என்று நீங்கள் கைப்பேசியில் பார்ப்பவற்றுக்கும் இந்தப் பழைய போர்வைகளுக்கும் உறவு உண்டு. 1971இல் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியபோதுதான், படுக்கையில் கிடந்த பொருளைத் தூரத்தில் நின்று பார்க்கும் பழக்கம் பரவலாயிற்று. நவீன குவில்ட் சங்கம் 2009இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது. அதன் முதல் பெரிய கண்காட்சி 2013இல் ஒஸ்டின் நகரில் நடந்தது. நவீனம் என்று அவர்கள் சொல்வதில் சில பொதுவான அம்சங்கள் உண்டு: பூப்போட்ட துணிக்குப் பதிலாகப் பெரும்பாலும் வெற்று நிறங்கள், நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஒதுங்கிய உருவங்கள், அளவுகோல் இல்லாமல் கண்ணளவில் வெட்டி இணைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக வெற்றிடம். போர்வையின் முக்கால் பகுதியை ஒரே நிறத்தில் விட்டு, ஒரு மூலையில் மட்டும் துண்டுகளைக் கூட்டுவார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். துணி வீணாகிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் மூடுபனி மலை முழுவதையும் விழுங்கி, நிழல்மரங்கள் நாலைந்தின் உச்சியை மட்டும் விட்டுவைத்திருப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அந்த மரங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிவது சுற்றிலும் ஒன்றும் இல்லாததால்தான். வெற்றிடம் செய்யும் வேலை அது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். மலையகம் என்றதும் கூடை சுமந்த பெண்ணின் உருவத்தைத் துணியில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று பலருக்குத் தோன்றுகிறது. சுற்றுலாக் கடைகளில் தொங்கும் பொருள்கள் அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டன. நான் அதை ஊக்குவிப்பதில்லை. படத்தை விட்டுவிட்டு அமைப்பைப் பாருங்கள். தேயிலை நிரைகள் மலையின் வளைவோடு வளைந்து செல்கின்றன. அவற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு நீர் வடியும் கான்களும் நடைபாதைகளும் இறங்குகின்றன. வளைந்த பட்டைகளைச் சாய்ந்த ஒரு கோடு வெட்டுவது என்று துணியின் மொழியில் இதைச் சொல்லலாம். தேயிலையை ஒரு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவ்வாத்து செய்வதால், பச்சை மலைக்குப் பக்கத்திலேயே குச்சிகள் மட்டும் நிற்கும் பழுப்பு மலை கிடக்கும். துளிர் விடத் தொடங்கும்போது அந்தப் பழுப்பின்மேல் செம்பு கலந்த இளம்பச்சை ஏறும். பழுப்பு, சாம்பல், செம்பு, இளம்பச்சை: இந்த நான்கைக் கடையில் நின்று ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் துணிவு எனக்கு வந்திருக்காது. நுவரெலியாப் பக்கம் போனால் லீக்ஸ் பாத்தியின் நீலப்பச்சைக்கு அருகில் பீட்றூட் இலையின் கருஞ்சிவப்பு. லயத்தின் முன்வரிசையும் அப்படித்தான்; கதவு, சன்னல், கதவு, சன்னல் என்று ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு வீட்டாரும் தம் கதவுக்குக் கையில் கிடைத்த பெயின்டைப் பூசியிருப்பார்கள். மாறாத அளவும் மாறுகின்ற நிறமும் சேர்ந்த அந்த வரிசை, எந்த நவீன வடிவப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல. அந்த வீடுகளில் வாழ்வதன் சிரமம் எனக்குத் தெரியும். அதை அழகு என்று சொல்லி மூட நான் இதை எழுதவில்லை. அந்தக் கதவுகளுக்கு நிறம் பூசியவர்களின் கண்ணை மதிக்கிறேன்.

நிலத்தைப் பார்த்துத் துணியை வகுப்பது புதிய செயலும் இல்லை. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடப்பதைக் காட்டி, துறவிகளின் ஆடையான சீவரத்தை அப்படி அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாகவும், ஆனந்தர் அதன்படி வெட்டித் தைத்ததாகவும் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகம் சொல்கிறது. இன்றும் நம் ஊர் விகாரைகளில், துறவிகளுக்குச் சீவரம் வழங்கும் 'கடின' பூசைக்காகத் தைக்கப்படும் சீவரத்தில் அந்த வயல் அமைப்பைக் காணலாம். கண்டிப் பகுதியில் தும்பறைப் பாய் நெசவையும் ஒருமுறை நேரில் பாருங்கள். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை அது. மிகச் சில நிறங்களை மட்டும் வைத்து, நூலை எண்ணி எண்ணியே உருவங்களைக் கட்டுகிறார்கள். கண்டியில் 1928இல் பிறந்த பார்பரா சன்சோனி, பெயார்ஃபுட் நிறுவனத்தின் கைத்தறித் துணிகளில் வெறும் கோடுகளையும் கட்டங்களையும் வைத்தே பெரும்பாலும் வேலை செய்தவர். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை, எவ்வளவு அகலத்தில் வைப்பது என்பதை அவருடைய துணி ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

வெற்று நிறத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எல்லா வீட்டிலும் பாடசாலைச் சீருடை உண்டு. பழைய வெள்ளைச் சீருடைகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்: நீலம் போட்டுத் துவைத்தது, பழுத்து மஞ்சளித்தது, மண்கறை முழுதாகப் போகாமல் பால்தேநீர் நிறத்துக்கு வந்தது, புதிதாகவே இருந்து சிறுத்துப் போனது என்று ஒரு வெள்ளைக்குள் ஐந்தாறு வெள்ளைகள் இருக்கும். அவற்றைச் சதுரங்களாக்கி வெற்றிடமாக விரித்து, உங்கள் அக்கா கொண்டுவந்த அடர்துண்டுகளில் ஏழெட்டை மட்டும் ஒரு ஓரத்தில் இறக்கினால் நவீன குவில்ட் ஆகிவிடும். சிவப்பு, கருநீலத் துண்டுகளைச் சேர்ப்பதாயின் முதலில் உப்பு நீரில் ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். வெள்ளைமேல் சாயம் இறங்கினால் திருத்த முடியாது. எனக்கு ஒரு முழுப் போர்வை அப்படிப் போயிருக்கிறது.

தையல் மெசின் இல்லாமலும் மேசை இல்லாமலும் தொடங்க விரும்பினால், கர்நாடகத்தின் வட கன்னடப் பகுதிக் காடுகளில் வாழும் சித்தி மக்களின் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை முறையை நான் சிபாரிசு செய்வேன். ஆப்பிரிக்க வேர்கள் கொண்ட அந்தப் பெண்கள், ஒரு பழைய சேலையைக் கீழே விரித்து, ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஓரத்தைச் சுற்றியே துண்டுகளை மடித்து வைத்து நூலோட்டத் தையல் போட்டுக்கொண்டு போகிறார்கள். சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று உள்ளே. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிகிறது. இணைப்பும் பின்புறமும் மேல்தையலும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். நான்கு மூலைகளிலும் சிறு துணியை மடித்துப் பூ என்று வைப்பார்கள்; அது இல்லாத போர்வையை முடிந்த போர்வையாக அவர்கள் கருதுவதில்லை. முன்கூட்டி வரைந்த வடிவம் எதுவும் இதில் தேவையில்லை, அடுத்த துண்டு எது என்ற ஒரே கேள்விதான் ஒவ்வொரு நேரமும். அந்தக் கேள்விக்கு அடர், வெளிர் குவியல்களைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே போனால், முடிவதற்குள் உங்களுக்கென்று ஒரு போக்கு பிடிபட்டுவிடும். நூலுக்கு வங்காளத்துக் காந்தா விரிப்பு தைப்பவர்களின் பழைய வழக்கத்தைப் பின்பற்றலாம். அவர்கள் பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்தார்கள்.

உங்களைப்போல் நிறையத் துணி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: முதல் வேலையில் எல்லாவற்றையும் பயன்படுத்த முயல வேண்டாம். இரண்டு நிறமும் ஒரு வெள்ளையும், அல்லது இரண்டு அங்குலப் பட்டை மட்டும், அல்லது கட்டம்போட்ட சாரத் (லுங்கி) துணி மட்டும் என்று ஒரு கட்டுப்பாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாரத்தின் கட்டங்களை வெவ்வேறு திசையில் திருப்பி வைத்தாலே எவ்வளவு அசைவு வருகிறது என்பதைத் தைத்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள். முதலில் முப்பது அங்குலத்தில் ஒரு தொட்டில் விரிப்பு செய்யுங்கள். பெரிய போர்வை பிறகு வரட்டும். பிறருடைய நவீன வடிவங்களைப் பார்த்துத் தைத்துப் பழகுவதில் தவறில்லை, அதை உங்கள் சொந்த வடிவம் என்று விற்காதவரையில்.

கடைசியாக, உள்ளே வைக்கும் அடுக்கு. பழைய கம்பளியை நடுவில் வைத்துத் தைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். சூடு நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் ஹட்டன் பக்கத்தில் ஜூன், ஜூலை மழையில் துவைத்தால் ஒரு வாரத்திலும் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டு பழைய பருத்திச் சேலைகளை மடித்து வைத்தால் மெல்லியதாகவும் இருக்கும், இரண்டு நாள் வெயிலில் காய்ந்தும் விடும். அடுக்குகள் நகராமல் இருக்க நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு வரிசை நூலோட்டம் போதும். வெட்டும்போது விழும் இரண்டு விரல் அகலத்துக்கும் குறைந்த நுனித்துண்டுகளைக் கொட்டிவிடாமல் ஒரு தனிப் பையில் போட்டு வையுங்கள். லாக் கேபினின் நடுச்சதுரங்களுக்கு அவற்றில் சிவப்பாக இருப்பவை உதவும், மிச்சத்தைத் தலையணைக்குள் அடைக்கலாம்.